நிலக்ஷி இல்லாத படங்கள்

மகேந்திரராசா சப்பாத்தைக் கழற்றிக் கதவோரமாக நேரே வைத்துவிட்டு என் வீட்டுக்குள் வந்தான்.

முதல் தடவை.

"ஸ்பெயினுக்குப் போயிட்டு வந்தனீங்களாம் அண்ணை. ஒருக்காப் படங்களைப் பார்ப்பமெண்டு..."

அண்ணை என்றான்.

2002 பனிக்காலத்தில் அவன் வாயில் அந்தச் சொல் இருக்கவில்லை. என் மகன் மதிசுதனுக்கு அவன் மகள் நிலக்ஷியைக் கேட்டு, நானும் என் மனைவி கௌசலாவும் பலகாரத் தட்டோடு இங்கே கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் அவன் வீட்டுக் கதவைத் தட்டினோம். அவன் கதவுச் சங்கிலியைக் கழற்றவில்லை. இடைவெளிக்குள் அவனுடைய ஒரு கண்ணும் பாதி வாயும் மட்டும் தெரிந்தன.

"உங்கட ஆக்களோட எங்களுக்குச் சரிவராது. தட்டைக் கொண்டு போங்கோ."

நடைவழியில் மற்றக் கதவுகள் திறந்தன. கௌசலா தட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினாள். அந்தப் பலகாரத்தை அவள் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. குப்பையில் போட்டாள்.

பிள்ளைகள் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். மதிசுதனுக்கு ஸ்பெயினில், செவிய்யா நகரில் விமானப் பாகங்கள் செய்யுமிடத்தில் வேலை கிடைத்தது. நிலக்ஷியும் அவனோடு போனாள். மகேந்திரராசா கோயில் மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, தனக்கு மகள் இல்லை என்றான். அவள் அங்கிருந்து எடுத்த போன்களைப் பேசாமலே வைத்தான். பிறகு அவளும் எடுக்கவில்லை.

போன வருடம் அவள் அங்கே ஆஸ்பத்திரியில் கிடந்தாள் என்ற கதை மட்டும் அவன் காதுக்கு எட்டியிருந்தது. எழும்பி நடக்கிறாளா, எப்படி இருக்கிறாள் என்று அவனுக்குச் சொல்ல ஆளில்லை.

அதற்காகத்தான் வந்திருக்கிறான். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும்.

மகள் இல்லை என்று சொன்ன அந்த வாயால் அவன், 'என் மகள் எப்படி இருக்கிறாள்' என்று என் முன்னால் இருந்து கேட்கவேண்டும். கேட்டால் சொல்வேன். கேட்கும்வரை அவனுக்குக் கட்டிடங்கள்தான்.

அவன் வருகிறான் என்று போன் வந்ததுமே, அவள் நிற்கும் படங்களையெல்லாம் அல்பத்திலிருந்து உருவிவிட்டேன்.

முதலில் கோர்டொபாவைக் காட்டினேன். பள்ளிவாசலாக இருந்து பிறகு தேவாலயமான மண்டபம். சிவப்பும் வெள்ளையுமாக மாறி மாறிக் கல் வைத்த வளைவுகள். தூண் தூணாக விளக்கினேன். எந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று சொன்னேன். அவன் தலையாட்டிக்கொண்டே, தூண்களுக்கிடையில் போகும் பெண்களின் முதுகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

பக்கத்தைத் திருப்பினேன்.

கிரனாடாவில் அல்ஹம்ப்ரா. குளத்துத் தண்ணீரில் கோபுரம் தலைகீழாக நிற்கிறது. அவன் அந்தத் தண்ணீருக்குள்ளும் தேடினான்.

சமையலறை வாசலில் தேத்தண்ணியோடு நின்ற கௌசலாவுக்குப் பொறுக்கவில்லை. முழங்கால் நோவால் அவள் என்னோடு வரவில்லை. ஆனால் அந்தப் படங்கள் அவளுக்கு மனப்பாடம்.

"இன்னும் எத்தினை தூணைத்தான் காட்டப்போறியள்? அந்த மனுசனுக்குச் சோதினையே வைக்கப்போறியள்?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் தேத்தண்ணியை அவன் முன்னால் வைத்தாள். அவன் குடித்தான். என் வீட்டில் அவன் குடித்த முதல் வாய்.

அல்பத்தில் அடுத்து டொன்யானா சதுப்பு நிலத்துக்குப் போனோம். எல்லை தெரியாத தண்ணீர், அதில் நூற்றுக்கணக்கில் பூநாரைகள். ஜீப்பில்தான் உள்ளே விடுவார்கள் என்றேன். அந்தப் பறவைகள் எங்கே முட்டையிடும், எந்த மாதத்தில் தண்ணீர் வற்றும், எல்லாம் சொன்னேன்.

"உவ்வளவு இடமும் தனியவோ போனனீங்கள்?"

"தனிய இல்லை."

காத்திருந்தேன். அடுத்த கேள்வி அவனுடைய தொண்டைவரை வந்ததைக் கண்டேன். விழுங்கினான்.

சரி. நான் ரோண்டாவைத் திறந்தேன். மலை பிளந்த பள்ளம், அதன்மேல் கற்பாலம். அதன் பிறகு அன்டெக்கேராப் பக்கத்தில், அப்பத்தை அடுக்கினது போல் நிற்கும் சுண்ணாம்புக் கற்பாறைகள். ஒரு பாறையையும் விடவில்லை. கடைசிப் பக்கம் வந்தபோது அவனுடைய நெற்றி வியர்த்திருந்தது. இத்தனை வருடத்தில் எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்த நேரம் வேறில்லை.

அல்பத்தை மூடினேன்.

இனிக் கேட்டே ஆகவேண்டும்.

அவன் கேட்கவில்லை. கையை நீட்டி அல்பத்தைத் தன் பக்கம் இழுத்தான். மறுபடியும் முதலிலிருந்து திறந்தான். இந்தத் தடவை தூண்களைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்க்கவில்லை. கோர்டொபாவில் நான் நிற்கும் இடத்தில் விரலை வைத்தான். பிறகு கிரனாடாவில். பிறகு பூநாரைகளுக்கு முன்னால். ஒவ்வொரு படத்திலும் என் முகத்தில்.

அவன் தோள் மெல்ல இறங்கியது.

"அண்ணை, ஊரிலயிருந்தே உங்களைத் தெரியும். கலியாணவீட்டுப் படம், கோயில் படம், மகன்ர பட்டமளிப்புப் படம், எல்லாம் பார்த்திருக்கிறன். ஒண்டிலயும் உங்கட பல்லைக் கண்டதில்லை."

நான் குனிந்து பார்த்தேன். கோர்டொபாவில் வாய் திறந்து சிரிக்கிறேன். அல்ஹம்ப்ராவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன். சதுப்பு நிலத்தில் என் கண்ணே தெரியவில்லை, அவ்வளவு சிரிப்பு.

"கமராவுக்குப் பின்னால நிண்டு ஏதோ பகிடி விட்டிருக்கிறாள். சின்னனிலயும் படமெடுக்க நிண்டால் எங்களை உப்பிடித்தான் செய்வாள்." அவன் அல்பத்தை மூடி இரண்டு கையாலும் என்னிடம் தந்தான். "நல்லாத்தான் இருக்கிறாள்."

சப்பாத்தைப் போடக் குனிந்தவன் வெகுநேரம் நிமிரவில்லை.

அவன் கடைசிவரை கேட்கவில்லை. ஆகவே நானும் பதில் சொல்லவில்லை.