பொடி நட்சத்திரம்

மொட்டை மாடித் தொலைநோக்கியிடம் இரண்டு கேமராக்கள் வந்தன. ஒன்றுதான் தங்கும், மற்றது கடைக்குத் திரும்பிவிடும்.

"உனக்குச் சிவப்பு, பச்சைகூடத் தெரியாதே! பெட்டியிலேயே இரு," என்றது கலர் கேமரா. கறுப்பு வெள்ளைக் கேமரா பெட்டிக்குள் ஒதுங்கிக்கொண்டது.

கலர் கேமரா தூரத்து நட்சத்திர மேகம் ஒன்றை ரொம்ப நேரம் படம் பிடித்தது. வானம் நகர்ந்துகொண்டே இருந்ததால், படம் மிதிபட்ட கோலம்போல் கலைந்துவிட்டது. அதற்கு அழுகையே வந்துவிட்டது.

"அக்கா, தொலைநோக்கி அண்ணன் முதுகில் இருக்கிற அந்தச் சின்னக் குழாயில் நான் உட்காரட்டுமா?" என்று தயங்கிக் கேட்டது கறுப்பு வெள்ளை. "ஒரு பொடி நட்சத்திரத்தையே பார்த்துக்கிட்டு இருப்பேன். அது நகர்ந்தால் சொல்றேன், அண்ணன் அதுகூடவே திரும்பட்டும்."

"அவ்வளவு மங்கலானது உனக்குத் தெரியுதா?" என்றது கலர் கேமரா.

"நிறம் பிரிக்காததால, அதுதான் எனக்கு நல்லாத் தெரியும்."

இந்தத் தடவை மேகம் ரோஜா நிறத்தில் தெளிவாகத் துலங்கியது.

"சரி, யாரைத் திருப்பி அனுப்பட்டும்?" என்றது தொலைநோக்கி.

"சும்மா இருங்கண்ணே," என்றது கலர் கேமரா. "தங்கச்சி, நீ கண்ணை எடுத்துடாதே. அடுத்த படம் ஆரம்பிக்கிறேன்."