மறதிக்கார மீற்றர்

மின் அத்தியட்சகர் யோகலிங்கம் மீற்றர் பெட்டிக்கு முன்னால் குந்தியபோது ஸெய்னுதீன் ஹாஜியார் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

உட்துறைமுகத்துப் பக்கம் இருந்த அவருடைய ஐஸ் பக்டரிக்குள் யாரும் வியர்ப்பதில்லை. இன்று முதலாளியே வியர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றார். நேற்றுப் போட்ட சட்டைதான் இன்னும் உடம்பில் கிடந்தது. வாசலில் ஒரு இன்ஸ்பெக்டரும் இரண்டு பொலிஸ்காரரும் நின்றார்கள். இங்கே மின்சாரக் களவு நடந்ததா என்று பார்த்துச் சொல்லும்படி பொலிஸ் கேட்டுத்தான் யோகலிங்கம் வந்திருந்தார். ஆள் போன இடத்தில் ஒரு பிளேன்டீகூட வாங்கிக் குடிக்காதவர். அவரை வளைக்க முடியாது.

இன்று இரவு ஹாஜியார் தன் வீட்டில் படுப்பதா, வேறெங்காவது படுப்பதா என்பது அந்தச் சின்னப் பெட்டி சொல்லப்போகும் பதிலில் தங்கியிருந்தது.

பழைய மீற்றர் தங்கமானது. உள்ளே ஒரு தட்டுச் சுற்றும். காந்தத்தை ஒட்டி வைத்தால் சொன்ன சொல் கேட்கும். போன வருடம் அதைக் கழற்றிவிட்டு, சிப் வைத்த இந்தப் புது மீற்றரைப் பூட்டினார்கள். ஹாஜியார் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகுதான் சாம்பல்தீவு ஞானசேகரத்தைப் பிடித்தார். வயரிங் வேலை செய்கிறவன். நல்ல வேலையும் தெரியும், மற்ற வேலையும் தெரியும்.

"கரண்ட் இருக்கேக்க இந்தச் சிப் முழிச்சிருந்து எண்ணும், ஹாஜியார்," என்றான் ஞானசேகரம். "கரண்ட் நிண்டா, பற்றரியை மிச்சம் பிடிக்கிறதுக்காகப் படுத்திடும். ஆனா நாய்த் தூக்கம். மணிக்கூடு ஓடிக்கொண்டிருக்கும், ஒரு காது மூடியில இருக்கும். ஆரும் மூடியைத் திறந்தா முழிச்சு, நாளையும் நேரத்தையும் குறிச்சுப்போட்டுத் திரும்பப் படுக்கும்."

அப்படியென்றால் கை வைக்கவே ஏலாதே என்று ஹாஜியார் மனம் சோர்ந்தார். ஞானசேகரம் சிரித்தான்.

"கரண்டும் இல்லாம பற்றரியும் இல்லாமப் போனா, அந்தக் குறிப்பு அதுக்கு மறந்துபோகும்."

யுத்த காலத்துத் திருகோணமலையில் கரண்ட் இல்லாத நேரத்துக்கா பஞ்சம்? மூடியைத் திறந்து ஒரு கம்பியைக் குறுக்கே கொடுத்ததும் மீற்றர் பாதியைத்தான் எண்ணியது. ரீடிங் எடுக்கிறவர் வரும் நாள் நெருங்கினால், கரண்ட் நின்ற ஒரு பொழுதில் ஞானசேகரம் கம்பியை எடுப்பான். பற்றரியைக் கழற்றிப் புதியதைப் போடுவான். மணிக்கூட்டைச் சரிசெய்து, மின்சாரக் கந்தோர் மூடியில் குத்தும் ஈய சீல் போலவே ஒரு சீலும் குத்துவான். மீற்றர் ஒன்றும் அறியாததாக எழும்பும்.

கழற்றிய பற்றரி ஹாஜியாரின் பொறுப்பு. தடயம் என்றால் அவர் மிகவும் கவனமான மனிதர். குப்பையில் போட மாட்டார். மூதூரில் இருக்கும் மகள் றம்லாவைப் பார்க்கப் போகும்போது, லோஞ்ச் படகில் இருந்தபடி நடுக்கடலில் போட்டுவிடுவது என்று வைத்திருந்தார்.

இந்த முறையும் வேலை முந்தநாள் பின்னேரம் சுத்தமாக முடிந்திருந்தது. ஞானசேகரத்தின் கைவேலையில் ஒரு குறை சொல்ல ஏலாது. ஆனால் அவன் இரவோடிரவாகக் கொழும்பு பஸ்ஸில் ஏறிவிட்டானாம். பக்டரிக்குள் நுழைந்ததும் மனைவி றுக்கியா காதோடு சொன்ன செய்தி அதுதான். இப்போது அவள் உப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்து முக்காட்டின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஹாஜியார் உதடு அசைய ஓதினார்.

யோகலிங்கம் மூடியில் இருந்த ஈய சீல் முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கையில் கொண்டுவந்த கருவியை மீற்றரோடு பொருத்தி, அது காட்டியதை ஆற அமர வாசித்தார். பிறகு எழும்பி, இன்ஸ்பெக்டருக்குச் சிங்களத்தில் சொன்னதை ஹாஜியாருக்குத் தமிழிலும் சொன்னார்.

"சீல் உடையேல்லை. மூடி ஒருக்காலும் திறக்கப்படேல்லை. இதின்ர பற்றரியும் உள்ளுக்கே இருந்து வேலை செய்யுது."

பில் பாதியாகக் குறைந்திருக்கிறதே என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். மீன்பிடித் தடை இருக்கும்போது ஐஸ் வாங்க யார் வருவார்கள், பில் குறைவது நியாயம்தான் என்று யோகலிங்கம் விளக்கினார். இந்தப் பெரிய மனிதர்மேல் களவுப் பட்டம் கட்டியவர்களை நினைத்து அவருக்குக் கொஞ்சம் கோபமும் வந்தது.

"நீங்கள் ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ, ஹாஜியார். நேர்மையான ஆள் எண்டு நான் கையெழுத்து வைச்சே தாறன்."

ஹாஜியார் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னொருக்காப் பாருங்க, சேர்," என்றார். குரல் அழுகையாக வந்தது. "வல்லாஹி, நான் கள்ளன்."

இன்ஸ்பெக்டர் சட்டைப்பையிலிருந்து ஒரு பொலித்தீன் உறையை எடுத்துத் தூக்கிக் காட்டினார். உள்ளே, இரண்டு கம்பி முளைத்த ஒரு சின்னப் பற்றரி இருந்தது. பற்றரி கொண்டுபோகத் தடையுள்ள மூதூர் லோஞ்சின் சோதனைச்சாவடியில், நேற்றுக் காலை ஹாஜியாரின் பையில் அகப்பட்டது அது.

அது குண்டுக்கு வைக்கிற பற்றரி இல்லை, தான் வெறும் மின்சாரக் கள்ளன்தான் என்று இரவு முழுக்க மன்றாடி, நம்பாவிட்டால் என் மீற்றரையே கேட்டுப் பாருங்கள் என்று அவர்களை இங்கே கூட்டிவந்தவரே ஹாஜியார்தான்.