மூன்றாவது திரை

இந்த வியாழக்கிழமை விருந்து எங்கள் வீட்டு முறை. அதற்குள் டிவி வந்தாக வேண்டும்.

மாதம் ஒரு வீட்டில் கூடிப் புலவு சாப்பிட்டு ஊர்க்கதை பேசும் பெண்கள் இருபது பேர் வருவார்கள். அவர்களுக்கு எங்கள் கல்யாண வீடியோவைப் போட்டுக் காட்ட வேண்டும் என்பது என் மாமியார் ஜும்ராத்தின் ஆசை.

உஸ்பெகிஸ்தானில் எங்கள் ஊர் கோகந்த். அதன் கடைத்தெருவில் நோசிமின் டிவி கடை. மூன்று டிவிகளை வரிசையாகக் காட்டினார். சின்னதிலிருந்து பெரிதுவரை, படத் தெளிவு எழுநூற்றிருபது, ஆயிரத்தெண்பது, நாலு கே.

"சின்னதே போதும், ஆயி. நம்ம கூடத்துல தள்ளி உக்காந்துதானே பாக்கப்போறோம். அவ்வளவு தூரத்துல மூணும் ஒண்ணுதான்."

மாமியாரிடம் சொல்வதற்காக நான்கு நாளாக நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியம்.

"எம்மவன் ரஷ்யாவுல பனியில நின்னு கட்டடம் கட்டுறான். நீ இங்க சின்னதுங்கற. ஏன், ஒன் கல்யாணத்த நல்லாப் பாக்க ஒனக்கே ஆசை இல்லியா?"

இல்லை.

நிக்காஹ் அன்று திரைச்சீலைக்கு அப்பாலிருந்து முல்லா மூன்று முறை கேட்டார். முதல் இரண்டு முறை மணப்பெண் வாய் திறக்கக் கூடாது. அதுதான் அடக்கம். மூன்றாவது முறை, காதில் விழுந்தும் விழாமலும், 'சம்மதம்' என்று சொல்ல வேண்டும்.

மூன்றாவது முறையும் நான் சொல்லவில்லை. சொல்லப் போவதில்லை என்ற முடிவோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

இடப்பக்கத்திலிருந்து ஒரு கிசுகிசுப்பு வந்தது. "சம்மதம்."

திரைக்கு அப்பால் ஆண்கள் ஆமீன் சொன்னார்கள். முடிந்துவிட்டது.

என் இடப்பக்கம் பெரியம்மா உட்கார்ந்திருந்தாள். என்னைத் தூக்கி வளர்த்தவள். அன்றிலிருந்து ஏழு மாதமாக அவள் போனை நான் எடுப்பதில்லை.

என் உதடு அசையவில்லை என்பது இருபது பேர் கண்ணில் பட்டால், அன்று மாலையே என்னைத் தாய்வீட்டு வாசலில் இறக்கிவிடுவார்கள். அங்கே கல்யாண வயதில் இரண்டு தங்கைகள். திரும்பி வந்தவளின் தங்கைகளைப் பெண் கேட்டு எங்கள் ஊரில் யாரும் வரமாட்டார்கள்.

இருக்கவும் முடியவில்லை. போகவும் வழியில்லை.

"கடைப் படத்துல வர்ற மாதுளம்பழத்தையும் அருவியையும் காட்டாத. இதப் போடு," என்று மாமியார் பையிலிருந்து பென் டிரைவை எடுத்து நோசிமிடம் நீட்டினாள்.



நோசிம் அதை ஒரு சின்னப் பெட்டியில் செருகி, வயரை முதல் டிவிக்குக் கொடுத்தார். முக்காட்டுக்குள் நான் ஒரு வெள்ளைப் பொதி. முகமே இல்லை. மூச்சு வந்தது.

இரண்டாவது டிவி. முக்காட்டின் பூவேலை தெரிந்தது. உள்ளே நிழலாக ஒரு மூக்கு, ஒரு வாய்.

"இன்னும் ஒண்ணு இருக்கே, அக்கா. இதுல பாத்தா மாப்பிள்ளை மீசையில எத்தன முடின்னு எண்ணிடலாம்."

"எம்மவனுக்கு மீசையே கெடையாதுடா!"

மூன்றாவது டிவி.

முல்லாவின் குரல் கேட்டது. வலைத்துணியின் ஒவ்வொரு இழைக்கும் பின்னால் என் முகம். ஒட்டிப்போட்டதுபோல மூடிய உதடுகள்.

"சம்மதம்."

என் உதடு அசையவில்லை.

பக்கத்தில் பெரியம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீர். அவள் உதடும் அசையவில்லை.

அவள் தோளுக்குப் பின்னால் ஒருத்தி, தலைத்துணியின் முனையை வாய்மேல் பிடித்திருந்தாள். மருமகளுக்காக அழுத மாமியார் என்று ஊரே மெச்சியது அந்தக் காட்சியைத்தான். போனில் பார்த்தால் கண்ணைத் துடைப்பதுபோலத்தான் இருக்கும்.

மெல்லிய துணி. அதற்குள் வாய் அசைந்தது தெளிவாகத் தெரிந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் ஜும்ராத்தின் மூச்சு மட்டும் கேட்டது.

நோசிம் கணினியில் பில் போடக் குனிந்திருந்தார். அவர் எதையும் பார்க்கவில்லை. "எதக் கட்டட்டும்? மருமவளே சொல்லட்டும்," என்றார்.

நான் பேசவில்லை.

"சொல்லும்மா, எது?"

நாக்கு எழவில்லை.

"அட, மூணாவது தடவ கேக்குறேன். எது வேணும்?"

இடப்பக்கத்திலிருந்து கிசுகிசுப்பாகப் பதில் வந்தது.

"சின்னது."

மாமியார் தலைத்துணியின் முனையை வாய்மேல் பிடித்திருந்தாள்.

நோசிமின் முகம் சுருங்கிப்போனது. இருந்தாலும் சின்ன டிவியைக் கட்டிக் கொடுத்தார். பெட்டியின் ஒரு முனை மாமியாரிடம், ஒரு முனை என்னிடம். பென் டிரைவைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"பத்திரம்மா. படம் நாலு கேல எடுத்திருக்காங்க. சின்ன டிவில போட்டாத் தெரியாது, அவ்வளவுதான். உள்ள எல்லாம் அப்படியே இருக்கும்."

வெளியே வந்ததும் மாமியார் பெட்டியைத் தரையில் வைத்தாள். முதல்முறையாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"மஹ்லியோ. அத இங்க குடு." கையை நீட்டினாள்.

நான் என் கையை மூடிக்கொண்டேன்.

மறுகையால் போனை எடுத்து, பெரியம்மாவின் எண்ணைத் தேடினேன்.