ஒரு கேள்விகூட இல்லை

"வீடு பிடிச்சிருக்கா?" என்று கேட்டார் வீட்டுக்கார அம்மா.

"பிடிச்சிருக்குங்க" என்ற கணவனும் மனைவியும் அடுத்த கேள்விக்குக் காத்திருந்தார்கள். 'நீங்க என்ன ஆளுங்க?' என்று ஏழு வீட்டில் கேட்டு, ஏழிலும் இல்லையென்று அனுப்பியிருந்தார்கள்.

"அப்போ சாவியை வாங்கிக்கோங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "யோசிச்சு சொல்றோம்" என்று எழுந்துவிட்டார்கள்.

அவர்களைக் கூட்டிவந்து, இப்போது தெருமுனைவரை பின்னாலேயே போய்க் காரணம் கேட்டுவிட்டுத் திரும்பிய புரோக்கருக்கு மண்டை காய்ந்தது.

"ஒண்ணுமே கேக்காம குடுக்கறாங்கன்னா, வீட்டுல ஏதோ வில்லங்கம் இருக்குமாம். வீடு கிடைக்காம அலையறவங்க, கைக்கு வந்ததை இப்படி விடுவாங்களாம்மா?"

"விடுவாங்க. நானும் ஒரு நல்ல வீட்டை இப்படித்தான் விட்டேன்."

"நீங்க எதுக்கும்மா வாடகைக்கு வீடு தேடினீங்க?"

"அந்த ஒண்ணைத் தவிர எங்களுக்கு மட்டும் யாரு குடுத்தா? அதனாலதான் இதைக் கட்டினோம்."

புரோக்கர் தெருமுனைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்குத் திரும்ப வரச் சொல்லுங்க. மூஞ்சியைக் கடுகடுன்னு வெச்சுக்கிட்டு நாலு கேள்வி கேக்கறேன்."

"என்ன கேப்பீங்க?"

"என்னைக் கேட்டதையெல்லாம் விட்டுட்டு, மிச்சம் இருக்கறதை."