கம்புக்கு மாற்று ஆள்

இன்று கம்பு ஆடவில்லை.

இருபத்திரண்டு நாட்களாக ஆடிக்கொண்டிருந்த கம்பு. தொழிற்சாலையின் பெரிய கேட்டுக்கு எதிரே, காலி பெயின்ட் டப்பாவில் சிமெண்டைக் கொட்டி நட்ட சங்கக் கொடி. சிமெண்ட் இறுகுவதற்குள் எந்த அவசரக்குடுக்கையோ அதை அசைத்துப் பார்த்திருக்கிறான். அடியில் கம்பைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. காற்றடித்தால் விழப்போகிற பல்லைப் போல ஆடும். அதனால் அதைப் பிடித்துக்கொண்டு எப்போதும் ஒரு ஆள் நிற்க வேண்டும்.

காலை ஆறு மணிக்கு நான் வந்து பிடித்தபோது கெட்டியாக நின்றது. ராத்திரி நின்றவர்கள் எதையோ வைத்து அடைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். குனிந்து பார்க்கவில்லை. எனக்கு என் கவலை.

என் கவலை சட்டைப் பையில் இருந்தது.

மஞ்சள் உறை. நேற்று மாலை நிர்வாகத்தின் ஆள் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தது. மேலே 'தங்களுக்கு மட்டும்' என்று அச்சடித்திருந்தார்கள். இன்று பத்து மணிக்குள் பக்கத்துச் சின்ன கேட்டில் கையெழுத்துப் போட்டு உள்ளே வந்தால் வேலை உண்டு. வராவிட்டால் வேலையும் இல்லை, கம்பெனி குவார்ட்டர்ஸும் இல்லை.

மாமனார் மூன்று வருடமாகப் படுத்த படுக்கை. அவரைக் கட்டிலோடு எந்த வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போவது?

மனைவி கடிதத்தைப் படித்தாள். மடித்து என் கையில் கொடுத்துவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

எங்கள் பாய்லர் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. மாற்று ஆள் வந்து வால்வுச் சக்கரத்தில் கை வைத்து 'பிடிச்சுட்டேன்' என்று சொல்ல வேண்டும். அதுவரை நிற்கிறவன் நகரக் கூடாது. வீட்டில் இடியே விழுந்தாலும் நகரக் கூடாது.

வேலைநிறுத்தம் தொடங்கிய அன்று டியூட்டி போட்டது பேக்கிங் அக்கா. அவர் பிரிவில் மூன்று பெண்களை ஒரே நாளில் வெளியே தள்ளியதற்குத்தான் இந்தச் சண்டையே. சமையலுக்கு, தண்ணீர் பிடிக்க, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள என்று ஆட்களைப் பிரித்துவிட்டு, பாய்லர்காரர்களைக் கம்புக்குப் போட்டார். விதியும் எங்கள் விதிதான். கை வைத்துச் சொல்லும்வரை நகரக் கூடாது.

ஒன்பதரைக்கு என் மாற்று ஆள் 'அஞ்சு நிமிஷம்'.

அதுதான் அவனுக்கு நாங்கள் வைத்த பெயர். கேட்டால் அஞ்சு நிமிஷத்தில் வந்துவிடுகிறேன் என்பான். பதினோரு வருடமாக ஒரு நாள்கூட நேரத்துக்கு வந்ததில்லை. என் மகள் பிறந்து அரை நாள் கழித்து நான் அவள் முகத்தைப் பார்த்ததற்கு அவன்தான் காரணம்.

இன்று அவனைத்தான் நம்பியிருந்தேன். பத்தேகாலுக்கு முன்னால் வரமாட்டான். அதற்குள் சின்ன கேட்டை மூடிவிடுவார்கள். நான் போகவில்லை, போக முடியவில்லை, அவ்வளவுதான். வீடு போனாலும் பழியை அவன் தலையில் போட்டுவிடலாம். கோழைத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஒன்பது மணிக்கே அவன் தலைதெறிக்க ஓடி வந்தான்.

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். மூச்சு வாங்கக் கம்பில் கை வைத்தான்.

"பிடிச்சுட்டேன். நீ கிளம்பு."

பாவி. பதினோரு வருடத்தில் சீக்கிரம் வர இவனுக்கு இன்றைக்குத்தானா கிடைத்தது?

கையை எடுத்தேன். சின்ன கேட் கூப்பிடு தூரத்தில் இருந்தது. அங்கே மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர் பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். என் கால்கள் அந்தப் பக்கம் போயின. ஆமாம், போயின. ஏழெட்டு அடி நடந்தபிறகுதான் தண்ணீர் பாட்டிலை விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது.

திரும்பினேன்.

அஞ்சு நிமிஷம் ஒரு கையால் கம்பைப் பிடித்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். இன்னொரு கையால் இடுப்பிலிருந்து எதையோ உருவினான். மஞ்சள் உறை. அதை நாலாக மடித்து, கம்பின் அடியிலிருந்த இடைவெளியில் கட்டைவிரலால் திணித்தான்.

எதற்காக ஓடி வந்தான் என்று அப்போதுதான் புரிந்தது. பத்து மணிக்குக் கம்பு கையில் இருந்தால் அவனால் நகர முடியாது.

பக்கத்தில் போய்க் குனிந்தேன். கம்பைச் சுற்றிலும் மஞ்சளாக இருந்தது. ராத்திரி நின்றவன், அவனுக்கு முன்னால் நின்றவன், அவனுக்கும் முன்னால் நின்றவன். ஒவ்வொரு மடிப்பிலும் 'தங்களுக்கு மட்டும்'. எல்லாவற்றுக்கும் அடியில் நசுங்கிக் கிடந்த உறையில் 'பேக்கிங் பிரிவு' என்றிருந்தது.

நேற்று மாலை அக்கா எங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டே சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

அவன் என் சட்டைப் பையைப் பார்த்தான். வெளுத்துப்போன துணி வழியாக மஞ்சள் நன்றாகவே தெரிந்தது.

"இன்னும் ஒண்ணுக்கு இடம் இருக்கு," என்றான்.

பொய். இடமே இல்லை. தரையில் கிடந்த கருங்கல்லை எடுத்து அடித்துத்தான் இறக்கினேன். சத்தம் கேட்டு, சின்ன கேட்டில் உட்கார்ந்திருந்தவர் பேனாவோடு எழுந்து நின்று பார்த்தார்.

அவர் பார்க்கட்டும் என்று இன்னும் இரண்டு அடி அடித்தேன்.