துணைக்கு வந்த எருமை

டாக்டரைத் திட்டிக்கொண்டேதான் தணிகாசலம் ஏரிக்கரையில் காலை நடையைத் தொடங்கினார். இரண்டாம் நாளே பால்கார அஞ்சலையின் எருமை அவர் பின்னால் வந்தது. அவர் நின்றால் அதுவும் நின்றது. முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு, "அதோ பாரு, நாமக்கோழி குஞ்சோட போவுது" என்று அதற்குக் காட்டவே ஆரம்பித்துவிட்டார்.

ரத்த அழுத்தம் சரியானதும் நடையை நிறுத்தினார். சில நாளில் அஞ்சலை வாசலில் வந்து நின்றாள்.

"சார், நீங்க வராததுலேர்ந்து அது மடியத் தொடவே விடமாட்டேங்குது. ஒரு நட வந்துட்டுப் போயிடுங்க."

"எனக்குத்தான் சரியாயிடுச்சேம்மா."

"அதுக்கு சரியாவலையே சார்!"

மறுநாள் மழை. நல்ல சாக்கு என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். வாசல் கேட்டைக் கொம்பு இடிக்கும் சத்தம் கேட்டது. முணுமுணுத்தபடி குடையோடு இறங்கினார்.

கரையில் எதிரே வந்த அஞ்சலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கொடைய யாருக்கு சார் புடிக்கிறீங்க?"

அப்போதுதான் பார்த்தார். அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. குடை எருமையின் தலைக்கு மேல் இருந்தது. ஒரு கொம்பு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு சொட்டியது. தணிகாசலம் குடையை இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்த்தார்.