நனையக் கூடாத திரை

தேய்த்தாள்.

திரைச்சீலையின் கீழ் ஓரத்தில், மிளகை உடைத்துத் தூவியதுபோல் கறுப்புப் பூஞ்சணம். பழைய டூத்பிரஷ். ஆப்பசோடா. வினிகர் நெடி மூக்கைச் சுட்டது.

பால்கனியில் நாற்காலி போட்டு, ஈரத் திரையை மடியில் பரப்பியிருந்தாள். வலது முட்டி இன்னும் சரியாக மடங்கவில்லை. ஆபரேஷன் செய்த கால். அதை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு தேய்த்தாள்.

கோபம் முழுக்கக் கையில் இருந்தது. புள்ளிகள் போய்க்கொண்டிருந்தன.

அவள் கணவர் கதவருகே நின்று போனைப் பார்த்து வாசித்தார். மண்டல மேலாளராக ஓய்வு பெற்றவர். பால் பாக்கெட்டின் மேல் இருப்பதைக்கூடச் சுற்றறிக்கைபோல்தான் வாசிப்பார்.

"மிதமான சூடு. கொதிக்கற தண்ணி ஆகாது. பிளீச்சிங் பவுடர் கூடவே கூடாது, சாயம் போயிரும்."

"வெள்ளைத் துணியில ஏதுங்க சாயம்?"

"போட்டிருக்குதே."

அவருக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. யாருமே குளிக்காத ஷவர். அதன் திரையில் பூஞ்சணம் எங்கிருந்து வருகிறது?

அவளுக்குத் தெரியும். வாராவாரம் துவைத்து மாட்டுவாள். ஈரம் காய்வதற்குள் அவர் அதைக் கொத்தாகச் சேர்த்து, தங்க நிறக் குஞ்சம் வைத்த கயிற்றால் கட்டிவிடுவார். கம்பெனிக் கூட்டத்துக்குப் போனபோது தங்கிய ஹோட்டலில் அப்படித்தான் கட்டியிருந்ததாம்.

விரித்து விட்டால் காய்ந்துவிடும் என்று ஒருமுறை சொன்னாள்.

"விரிச்சு விட்டா என்ன பார்வை இருக்குது?" என்றார்.

திரையைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறைக்குப் போனாள். ஷவரைத் திறந்து அலசினாள்.

வெந்நீர்.

முழங்கைவரை இறங்கியது. அதற்கு மேல் வரவில்லை.

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த ஷவரில் குளித்தது இந்தத் திரைச்சீலை மட்டும்தான்.

குனியக் கூடாது, நின்றபடி ஷவரில் குளியுங்கள் என்று டாக்டர் சொன்னபோது, அவளுக்கு முன்னால் அவர்தான் பதில் சொன்னார். "அதெல்லாம் நம்ம வீட்டுல கிளாஸா இருக்குதுங்க டாக்டர். திரையெல்லாம் போட்டு."

காரில் ஏறியதும் குரல் இறங்கியது. "சம்பந்தி வீட்டுல இன்னும் நம்ம புது வீட்டை வந்து பாக்கலைல்ல. திரை நனைஞ்சு கறை புடிச்சா அசிங்கம். அவங்க வந்துட்டுப் போகட்டும்மா. அப்பறம் நீ ராணியாட்டம் குளிச்சுக்க."

ராணி அதுவரை பின்பக்கக் குளியலறையில் குளித்தாள். ஓர் அடிப் பள்ளம். கீழே வாளி. ஒவ்வொரு சொம்புக்கும் குனிந்து நிமிர வேண்டும்.

இன்றைக்கு வருகிறார்கள்.

வளையங்களை ஒவ்வொன்றாகக் கோத்தாள். அவர் வந்து சேர்த்துக் கட்டினார். இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தார். குஞ்சத்தைச் சற்று இடப்பக்கம் தள்ளினார்.

"இப்பப் பாரு. ஹோட்டல் தோத்துரும்."

பிறகுதான் அவளைப் பார்த்தார். வியர்வை. வினிகர் வாடை. ஈரச் சேலை.

"இப்படியேவா நிப்பே? பின்னாடி போயி ரெண்டு சொம்பு ஊத்திட்டு வந்துரு. கிணத்துக்கடவு தாண்டிட்டாங்களாம்."

துண்டையும் மாற்றுச்சேலையையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

பள்ளத்தில் காலை இறக்கினாள். முட்டிக்குள் ஏதோ பிடித்து இழுத்தது. குழாயைப் பற்றிக்கொண்டாள். குழாய் ஆடியது.

அப்படியே நின்றாள்.

கீழே வாளி தளும்பிக்கொண்டிருந்தது. எட்டாத தூரம் இல்லை. குனிந்தால் போதும்.

குனியவில்லை.

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம். "வாங்க வாங்க" என்று அவர் ஓடினார். அவள் காலை மேலே தூக்கி வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, கூடத்தைக் கடந்தாள். தோளில் துண்டு.

ஷவர் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

கயிற்றை உருவி எறிந்தாள். திரையை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை இழுத்து விட்டாள்.

ஷவரைத் திறந்தாள்.

முட்டியில் வெந்நீர் விழுந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. கெட்ட வார்த்தை ஒன்றுதான் வந்தது. மெதுவாக, முழுதாகச் சொன்னாள்.

வெளியே அவர் குரல் நெருங்கி வந்தது.

"எல்லாமே ஸ்டார் ஹோட்டல் மாடலுங்க சம்பந்தி. வீட்டுல இருக்கறமா ஹோட்டல்ல இருக்கறமான்னே தெரியாது. பாருங்க..."

கைப்பிடி திரும்பியது. கதவு திறக்கவில்லை.

"ஏம்மா, உள்ளயா இருக்கறே?"

"குளிக்கறனுங்க."

அவர் சொல்ல விரும்பியது ஒரே வாக்கியம். சம்பந்தியை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது. சொன்னால் இந்த வீட்டில் யாரும் இதில் குளிப்பதில்லை என்று ஆகிவிடும்.

தொண்டையைக் கனைத்தார்.

"சரி... சரி. திரையை மட்டும் கொஞ்சம் ஒதுக்கி வெச்சுட்டுக் குளி."

"ஏனுங்கண்ணா, ஒதுக்கி வெச்சுட்டா அப்பறம் அதெதுக்குங்க?" சம்பந்தியம்மா சிரித்தாள்.

காலடிகள் நகர்ந்தன. கொஞ்ச நேரத்தில் சமையலறையில் டப்பாக்கள் திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஒன்று கீழே விழுந்து உருண்டது.

மறுபடி கதவில் விரல் தட்டியது. மிக மெதுவாக.

"காப்பித்தூள் எதுல வெச்சிருக்கறே? எல்லாரும் உக்காந்திருக்காங்க. எத்தன நேரமாகும்?"

உடம்புக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

கொண்டையை அவிழ்த்தாள்.